சுற்றுப் பிரதியில் பதினேழு பேர்

செம்மணற்குடியில் எழுத்தாளர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதில்லை. மனமில்லாமல் இல்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வாசகர் வட்டத்தின் முதல் கூட்டத்துக்கு வந்த எழுத்தாளர் நாங்கள் போர்த்திய சால்வையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டுப் போக, மறு வாரம் அதே சால்வை சந்தையில் ஒரு கருவாட்டுக் கூடையை மூடிக்கொண்டு கிடந்ததை உரக்கடை பரமார்த்தலிங்கம் அண்ணாச்சி தன் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டார். அண்ணாச்சிதான் வட்டத்துக்குச் செயலாளர். அன்றைக்கே தீர்மானம் போட்டோம். அது முதல், யாரைப் பேச அழைக்கிறோமோ அவர் புத்தகத்தில் ஒரே ஒரு பிரதி வாங்குவோம். பதினெட்டு உறுப்பினர்களும் ஆளுக்கு இரண்டு நாள் வைத்துப் படிப்போம். படிக்கும்போது மனசில் பட்டதைப் பட்டபடி பென்சிலால் பக்க ஓரத்தில் எழுதுவோம், பெயர் போடாமல், பொய் சொல்லாமல். அதற்குச் சுற்றுப் பிரதி என்று பெயர். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, இரண்டாவது ஞாயிறு காலை பத்தரைக்கு, பிரகாசி டீச்சரின் தையல் பள்ளி மாடியில், தையல் மிஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, எழுத்தாளர் தன் புத்தகத்திலிருந்து வாசிப்பார், நாங்கள் கேட்போம், கடைசியில் அழுக்கும் ஓரக் குறிப்புமாக அந்தச் சுற்றுப் பிரதியை அவர் கையில் கொடுப்போம். வாங்கிக்கொண்டு அழுதவர் உண்டு. ரயிலில் திருநெல்வேலி தாண்டுவதற்குள் படித்து முடித்துவிட்டு ஒரு வருஷம் பேனாவைத் தொடாதவர் உண்டு என்றும் கேள்வி.

அப்படியிருக்க, நாவலாசிரியை அருந்தவச்செல்வியின் ‘ஏழாவது பாத்தி’ தபாலில் வந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பத்தின் கதை. பார்சலைப் பிரித்தது அண்ணாச்சி, பார்த்தது ஒன்பது பேர், நான் உட்பட. மில்லில் ராத்திரிக் காவல் முடித்து, கண் எரிய எரிய நேராக வந்திருந்தேன். ஒட்டிய தாள் கிழியவில்லை, கட்டிய நூல் அவிழவில்லை. உள்ளே இருந்த புத்தகமோ முனை மடங்கி, முதுகு விரிந்து, நாற்பதாம் பக்கத்தில் மஞ்சள் விரலும் எண்பத்தெட்டாம் பக்கத்தில் மிஷின் எண்ணெயும் பட்டு, பதினேழு பேர் கை மாறிப் படித்து முடித்த புத்தகமாக இருந்தது. ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. எங்கள் கையெழுத்து.

கோமதிநாயகம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முப்பத்தாறு வருஷம் இந்த ஊரில் தபால்காரராக இருந்தவர். உறையைப் பார்த்தே எழுதினவனுக்குக் காய்ச்சலா சண்டையா என்று சொல்லுவார். பக்கம் பக்கமாகத் திருப்பினார்.

“இது டீச்சர் எழுத்து, ஊசி கோத்த மாதிரி இருக்கு. இது அண்ணாச்சி. இது என்னுது. இது சிவனணைஞ்சான், ழகரத்துக்குச் சுழி மூடல பாருங்க, திறந்த வீடு மாதிரி.”

சிவனணைந்தான் நான்தான். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். என் ழகரத்தின் சுழி ஒருநாளும் மூடியதில்லை.

“நாம இன்னும் படிக்கலயேவே,” என்றார் அண்ணாச்சி.

“நாம படிக்கல. நம்ம எழுத்து படிச்சிட்டுது,” என்றார் கோமதிநாயகம், மணியார்டர் வந்திருக்கிறது என்று சொல்லும் குரலில்.

பதிப்பகத்துக்குப் போன் போட்டோம். அச்சாபீசிலிருந்து வந்த கட்டை அன்றைக்குத்தான் பிரித்ததாகச் சொன்னார்கள், மாற்றித் தருகிறோம் என்றார்கள். அதை அனுப்பி இதை வாங்கினோம். இதிலும் அதே மஞ்சள், அதே எண்ணெய், அதே வரிகள். முதல் பக்கத்தில் மட்டும் கோமதிநாயகத்தின் எழுத்தில் ஒன்று கூடியிருந்தது: ‘திருப்பி அனுப்பியது வீண் வேலை.’ அதற்குமேல் யாரும் பதிப்பகத்தைத் தொந்தரவு செய்யவில்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், முதல் வாரம் சந்தோஷமாகத்தான் எடுத்துக்கொண்டது. படிக்கிற வேலை மிச்சம். முந்நூற்று இருபது பக்கத்தில் நாம் நினைக்கப்போவது இன்னதென்று நம் கையாலேயே எழுதி வந்துவிட்ட பிறகு எதற்குப் படிக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார், அதுவும் சரிதான் என்று இன்னொருவர் சொன்னார். சுற்றுப் பிரதி வீடு வீடாகப் போனது. ஆனால் ஒவ்வொருவரும் தன் வரிகளை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையிலேயே அடுத்த வீட்டில் கொடுத்தார்கள். ‘இந்த இடத்தில் கொட்டாவி வந்தது’ என்று எழுதியிருந்தவர், கொட்டாவி விட்டுக்கொண்டே, எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறேன் என்றார்.

இரண்டாவது வாரம் மற்றவர்கள் வரிகளையும் படித்தார்கள். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

ஏனென்றால் அது நாங்கள் வழக்கமாக எழுதுகிற எழுத்து இல்லை. ‘நடை நன்று’, ‘இவ்வளவு வர்ணனை தேவையா’ என்று எழுதுகிற ஆட்கள் நாங்கள். இதில், நாவலில் மாமியார் சாகக் கிடக்கும் அத்தியாயத்தின் ஓரத்தில் பிரகாசி டீச்சரின் ஊசி எழுத்தில், ‘நானும் மெழுகுவர்த்தி ஏற்றினேன், பிழைப்பதற்கு அல்ல’ என்று இருந்தது. கடிதம் தொலைந்துபோகும் பக்கத்தில் கோமதிநாயகம், ‘ஒரு கடிதத்தை நான் கொடுக்கவில்லை, நல்லதற்குத்தான் என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதியிருந்தார். பொது நூலகத்துத் துப்பறியும் கதையில் கடைசிப் பக்கத்தைக் கிழித்தது யார் என்று ஊர் இருபது வருஷமாக ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்ததே, அதற்கும் இங்கே பதில் இருந்தது. உப்பள முதலாளி, சொத்தில் பங்கு வேண்டாம் என்று தங்கையிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிட்டு அவள் கல்யாணத்தில் தேம்பித் தேம்பி அழுகிற கட்டத்தில், அண்ணாச்சியின் சாய்ந்த எழுத்து: ‘அழுதது உண்மை. அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போடவைத்ததும் உண்மை.’ அண்ணாச்சிக்கு ஒரே தங்கை, வடிவு. இன்றைக்கும் பொங்கலுக்கு வந்து அண்ணன் கொடுக்கும் புடவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவாள்.

என் வரியும் இருந்தது. உப்பு மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கியின் காவல்காரன் வருகிற இடத்தில். அதைப் பிறகு சொல்கிறேன்.

அது முதல் ஊரில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. டீக்கடையில் இரண்டு பேர் சிரித்தால் மூன்றாவது ஆள் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். டீச்சரிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் மாமியாரோடு போய்த் திரும்ப வாங்கி வந்தார்கள். நான் மில்லுக்குப் போகும்போது என் சைக்கிள் மணியைக்கூட, இவன் எதற்கு இப்படி அடிக்கிறான் என்று கேட்பது போல முகம் திருப்பிக் கேட்டார்கள். கையெழுத்து தானாக நடந்து போய்ப் புத்தகத்தில் ஏறிக்கொண்டது என்பதை ஏற்றுக்கொள்வதில் யாருக்கும் கஷ்டம் இருக்கவில்லை. அது உண்மையைச் சொல்லிவிட்டது என்பதைத்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அப்புறம் ஒரு நாள் அண்ணாச்சி எண்ணிப் பார்த்தார். பதினெட்டு உறுப்பினர், புத்தகத்தில் பதினேழு கையெழுத்து.

இல்லாத கையெழுத்து சுயம்புக்கனியுடையது.

கனியக்கா பத்திரப் பதிவு ஆபீசுக்கு எதிரில், வாகை மரத்தடியில், மடக்கு மேசை போட்டு மனு எழுதுகிறவள். முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், காணாமல்போன மாடு, குடிகாரப் புருஷன், எல்லாவற்றுக்கும் மனு. சொல்லுகிறவர் சொல்லச் சொல்ல எழுதி, முடித்ததும், “வாசிச்சுக் காட்டுதேன், சரியான்னு சொல்லுங்க,” என்று ஒரு தடவை வாசித்துக் காட்டாமல் யாரையும் அனுப்பமாட்டாள். முப்பது வருஷமாக ஊரின் கஷ்டமெல்லாம் அவள் காது வழியாகத்தான் சர்க்காருக்குப் போயிருக்கிறது. அதனால் ஊரின் ரகசியமும் தெரியும், ஊரின் கையெழுத்தும் தெரியும். சந்தேகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? எழுதினவன் தன் கையெழுத்தில் எழுதுவானா, தன்னை விட்டுவிட்டுத்தானே எழுதுவான், என்றார் அண்ணாச்சி. கேட்ட எல்லோருக்கும் நெஞ்சில் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. எனக்கும்தான். பொய்க் கையெழுத்து என்றால் வரியும் பொய்.

மரத்தடிக்குப் போனோம், அண்ணாச்சி, டீச்சர், கோமதிநாயகம், நான். மத்தியானம். ஆள் யாரும் இல்லை. ஏற்கெனவே பேச்சு பரவி, மனு எழுத வருகிறவர்கள் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள்.

“கனி, சுத்தி வளைக்கல,” என்றார் அண்ணாச்சி. “என் எழுத்து உனக்கு வருமா?”

“வரும்.”

“டீச்சர் எழுத்து?”

“வரும். எல்லாரு எழுத்தும் வரும், அண்ணாச்சி. முப்பது வருசமாப் பாக்கேன்லா. ஆனா நான் எழுதல.”

“வரும்னும் சொல்லுதே, எழுதலன்னும் சொல்லுதே.”

“உங்களுக்குக் கூடத்தான் உரத்துல மண்ணு கலக்கத் தெரியும். கலந்தீகளா?”

கோமதிநாயகம் இருமினார். டீச்சர் வேறு பக்கம் பார்த்தார். அண்ணாச்சியின் கழுத்து சிவந்தது.

“அப்ப உன் எழுத்து மட்டும் ஏன் புத்தகத்துல இல்ல?”

கனியக்கா கொஞ்ச நேரம் மேசையில் உதிர்ந்து கிடந்த வாகைப் பூவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். “அதத்தான் நானும் யோசிக்கேன். மனுவுக்கு ஒரு எழுத்து, கடுதாசிக்கு ஒரு எழுத்து, ஆளுக்குத் தக்கன ஒரு எழுத்துன்னு எழுதிட்டே இருந்துட்டேன். எனக்குன்னு ஒரு எழுத்து இருந்திருந்தா அதுவும் போயிருக்கும்.” அப்புறம் கேட்டாள், “யாராவது அந்தப் புஸ்தகத்தப் படிச்சீகளா?”

கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

“அப்ப என்கிட்ட குடுங்க. என் முறை வந்துட்டுது.”

முறை வந்திருந்தது உண்மை. வட்டத்தின் விதியை வட்டமே மீற முடியாது. அண்ணாச்சி வேண்டா வெறுப்பாகக் கொடுத்தார். அதற்கப்புறம் அதைத் திரும்பக் கேட்க யாருக்கும் தைரியம் இல்லாததால் இருபத்தாறு நாள் அது அவளிடமே இருந்தது. ஆள் வராத மரத்தடியில், காலையிலிருந்து சாயங்காலம் வரை, உதடு அசைய அசைய அவள் படித்துக்கொண்டிருப்பதை நான் மில்லுக்குப் போகிற வருகிற வழியில் பார்ப்பேன். சில சமயம் சிரிப்பாள். ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் ஒருத்தி புத்தகம் படித்து அழுவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை.

அருந்தவச்செல்வி வருவதற்கு முந்தின ஞாயிறு அவசரக் கூட்டம். அண்ணாச்சி தீர்மானப் புத்தகத்தைத் தையல் மிஷின் மேல் விரித்தார். முதல் தீர்மானம்: ‘மேற்படி பிரதியின் ஓரங்களில் காணப்படும் பென்சில் எழுத்துகள் எங்களுடையவை அல்ல என்று இதனடியில் கையொப்பமிட்ட நாங்கள் மனமார உறுதி கூறுகிறோம்.’ இரண்டாவது: ‘அவை உறுப்பினர் சுயம்புக்கனியால் புனையப்பட்டவை எனக் கருதுவதால், வாசிப்புக் கூட்டம் முடிந்ததும் அவரை வட்டத்திலிருந்து நீக்குவது, நகல் ஒன்றைப் பதிவு ஆபீசுக்கு அனுப்பி, பொய்க் கையெழுத்துப் போடுகிறவரை வாசலில் உட்கார விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது.’

அதன் அர்த்தம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த மரத்தடி போனால் கனியக்காவுக்கு அடுப்பு எரியாது. மனு எழுதுகிறவள்மேல் பொய்க் கையெழுத்துப் பழி விழுந்தால் இந்த ஜில்லாவில் எந்த மரத்தடியும் அவளைச் சேர்க்காது.

“ரெண்டாவது வேணுமா?” என்று கேட்டார் டீச்சர், மெதுவாக.

“அது இல்லாட்டா முதலாவது நிக்காது, டீச்சர்,” என்றார் அண்ணாச்சி. “நாம எழுதலன்னா யாராவது எழுதியிருக்கணும்லா.”

டீச்சர் போட்டார். கோமதிநாயகம் போட்டார். பேனா சுற்றி வந்தது. இது என் எழுத்து இல்லை என்று என் எழுத்தாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுவதில் உள்ள கோளாறு எனக்குத் தெரிந்தது; தெரிந்துதான் போட்டேன். ழகரம் என் பெயரில் இல்லை, அப்பன் பெயரில் உண்டு, இசக்கியாழி. அதன் சுழியை அன்றைக்கு மூடப் பார்த்தேன், மூடவில்லை.

இரண்டாவது ஞாயிறு வந்தது. அருந்தவச்செல்வி பஸ்ஸில் வந்து இறங்கினார், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், கையில் தண்ணீர் பாட்டிலும் ஒரு மஞ்சள் பையும். மிஷின்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு அத்தியாயம் வாசித்தார். தங்கை கையெழுத்துப் போடுகிற அத்தியாயம். அவர் வாசிக்க வாசிக்கத்தான் தெரிந்தது, அந்தக் கதை எவ்வளவு நன்றாக இருந்தது என்பது. இருபத்திரண்டு வருஷத்தில் படிக்காமல் கேட்ட முதல் கதை அது. அண்ணாச்சி சுவரில் தொங்கிய அளவு டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் வழக்கப்படி சுற்றுப் பிரதியைக் கொடுக்க வேண்டும். கனியக்கா எழுந்து வந்து கொடுத்தாள். அண்ணாச்சியின் சட்டைப்பையில் தீர்மானத்தின் நகல் நாலாக மடித்து இருந்தது. எழுத்தாளர் ஓரத்து வரிகளைப் பார்த்து ஏதாவது கேட்டால் உடனே எடுத்து வாசிப்பதாக ஏற்பாடு.

அவர் திருப்பினார். ஐம்பது பக்கம், நூறு பக்கம். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. முன்வரிசையில் இருந்த கோமதிநாயகம் எட்டிப் பார்த்தவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ஓரங்களில் பழைய வரி ஒன்றுகூட இல்லை. மஞ்சள் இருந்தது, எண்ணெய் இருந்தது. பதினேழு பேர் எழுத்தும் இல்லை. நீ எங்கள் ஆள் அல்ல என்று சொன்னதும் போய்விடுகிற விருந்தாளி மாதிரி போயிருந்தது.

“ஒரே ஒருத்தர்தான் எழுதியிருக்கீங்க போல,” என்றார் எழுத்தாளர். “ஆனா ஒரு பக்கம் விடாம எழுதியிருக்கீங்க.” கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்: “‘இந்தத் தங்கச்சிக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் போட்டா. கையெழுத்து வாங்கினவனவிடப் போட்டவளுக்குத்தான் அண்ணன் வேணும்.’” நிமிர்ந்தார். “இதை நான் எழுதும்போது எனக்கே தெரியல. யாருங்க இது?”

அது யார் எழுத்து என்று கோமதிநாயகத்துக்கும் தெரியவில்லை. மனு எழுத்தும் இல்லை, கடுதாசி எழுத்தும் இல்லை, ஊரில் யாருடையதும் இல்லை. அதனால் அது அவளுடையது.

“நான்தாம்மா,” என்றாள் கனியக்கா.

அண்ணாச்சியின் கை சட்டைப்பை வரை போய்த் திரும்பி வந்தது. எங்கள் எழுத்தே இல்லாத ஓரத்தைக் காட்டி யாரை நீக்குவது? நன்றியுரை சொல்ல எழுந்த டீச்சர், நன்றி என்பதோடு உட்கார்ந்துவிட்டார். எழுத்தாளரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். எல்லோருக்கும் ஒரு நிம்மதி. எழுத்து போயிற்று, சாட்சி போயிற்று, இனி எல்லாம் பழையபடி என்று.

திங்கட்கிழமை காலை கோமதிநாயகம் பென்ஷனுக்கு உயிர்ச்சான்று கொடுக்கப் போனார். கையெழுத்து வரவில்லை. பேனா ஓடியது, மை இறங்கியது, கோடு விழுந்தது. ஆனால் விழுந்தது எழுத்து இல்லை, கோழி கிளறியது. டீச்சருக்கு ஜாக்கெட் துணியில் சாக்கட்டியால் கோடு வந்தது, பெயர் வரவில்லை. அண்ணாச்சி மருமகனின் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடப் பதிவு ஆபீசுக்குப் போய்ப் பதினான்கு தடவை போட்டார், பதினான்கும் பதினான்கு பேர் போட்ட மாதிரி. வடக்கிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி பொறுமையாகப் பார்த்துவிட்டு, “ஐயா, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குக் கைநாட்டு வசதி இருக்கு, வெக்கப்படாதீங்க,” என்று மைப்பெட்டியைத் தள்ளினார். இருபத்திரண்டு வருஷம் வாசகர் வட்டத்தின் செயலாளர், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வாகை மரத்தடியில் கனியக்கா பார்த்துக்கொண்டிருக்க, கட்டைவிரலை நீட்டினார்.

படிக்கத் தெரிந்தது, எழுதத்தான் போய்விட்டது. ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. நாங்கள் எதைத்தான் ஏற்றுக்கொள்ளவில்லை? உரக்கடையில் ரப்பர் ஸ்டாம்பு வந்தது. பள்ளிக்கூடத்து ரேங்க் கார்டுகளில் பேரப்பிள்ளைகளே தாத்தா கையெழுத்தைப் போட்டுக்கொண்டார்கள். ஆனால் கட்டைவிரலின் ஊதா மையை மறைக்க முடியவில்லை. அதை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு நடப்பவர்களை ஊர் எண்ண ஆரம்பித்தது: இவருக்கும் ஊதா, அவருக்கும் ஊதா, அப்படியென்றால் இவர் எதை இல்லை என்று சொன்னார்?

கையெழுத்து மாறிவிட்டது என்று மேலிடத்துக்கு மனுக் கொடுத்தால் மாற்று மாதிரி பதிந்துகொள்ளலாம் என்றார் அதிகாரி. மனு எழுத ஊரில் கைவரும் ஆள் ஒருத்திதான்.

முதலில் போனவர் டீச்சர்.

“காரணம் எழுதணுமே, டீச்சர்,” என்றாளாம் கனியக்கா. “கையெழுத்து எதனால மாறிச்சு? காரணம் இல்லாத மனு மேசைக்கே போகாது.”

“நீயே ஏதாவது போட்டுரேன். நரம்புத் தளர்ச்சின்னு.”

“பொய் எழுதமாட்டேன். எழுதுதேன்னு ஏற்கெனவே பேரு.”

டீச்சர் அரைமணி நேரம் மரத்தடியில் நின்றார். அப்புறம் உட்கார்ந்தார். முதல் வரி எல்லோருக்கும் ஒன்றுதான், கனியக்கா அதைச் சொல்லச் சொல்லி வாங்கினாள்: ‘சுற்றுப் பிரதியில் எழுதியது நான், சுயம்புக்கனி அல்ல.’ அதற்குக் கீழே மெழுகுவர்த்திக் கதை. எழுதி முடித்து வாசித்துக் காட்டினாள். அடியில் டீச்சர் போட்ட கையெழுத்து, ஊசி கோத்த மாதிரி, நேராக வந்தது.

அப்புறம் ஒவ்வொருவராக. நூலகத்துக் கிழிந்த பக்கத்தை ஒருவர் கையோடு கொண்டுவந்தார். கோமதிநாயகம் அந்தக் கடிதத்தையே கொண்டுவந்தார், இன்னும் ஒட்டியபடி. பக்கத்து ஊர் போன ஆட்களும் திரும்ப வந்தார்கள். பதினோரு பேர் தலைகுனிந்து வந்து உட்கார்ந்துவிட்டுப் போன மேசையைப் பதிவு ஆபீஸ் எப்படி எழுப்பும்? அண்ணாச்சி வரவில்லை. ஐந்து பேர் ஊதா விரலோடு அவர் பக்கம் நின்றுவிட்டார்கள். பொங்கலுக்கு வடிவு வந்தாள், அண்ணன் கையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் புடவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்த ஐந்து பேரில் நான் ஒருவன். ஐந்து மாதம் மில் வருகைப் பதிவேட்டில் கைநாட்டு வைத்தேன். நூற்றுக்கணக்கான புத்தகம் படித்தவன், இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற லோடுமேன்கள் முன்னால்.

இன்றைக்குக் காலை, ராத்திரிக் காவல் முடிந்து நேரே மரத்தடிக்கு வந்தேன். மனு வேண்டாம் என்றேன். முதலிலிருந்து சொல்லுகிறேன், பொன்னாடையிலிருந்து, அப்படியே எழுதுங்கள் என்றேன். கனியக்கா எழுதுகிறாள். நான் ‘சுயம்புக்கனி’ என்றால் சுயம்புக்கனி, ‘பொய்க் கையெழுத்து’ என்றால் பொய்க் கையெழுத்து, தன்னைப் பற்றிச் சொன்ன இடத்திலும் பேனா நிற்கவில்லை. இப்போதுதான் நிறுத்தியிருக்கிறாள்.

“எல்லாரு வரியும் சொல்லிட்டீக, தம்பி. உங்க வரி?”

அந்த முதல் வரியைப் போட்டுக்கொள்ளுங்கள், அக்கா. சுற்றுப் பிரதியில் எழுதியது நான், சுயம்புக்கனி அல்ல.

“போட்டாச்சு.”

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், மில்லில் நூல் சுற்றும் ரீலிங் செக்‌ஷன் மாசானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து என் காவல் அறைக் கதவைத் தட்டினான். திறப்பதற்குள் விழுந்துவிட்டான். விசாரணையில், காவலாளி அயர்ந்து உறங்கிவிட்டார் என்று எழுதினார்கள். மாசானம் பெண்சாதிகூட, தூக்கம் யார் கையில் இருக்கு அண்ணே என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் தலையாட்டினேன். புத்தகத்தில் உப்புக் கிட்டங்கிக் காவல்காரன் தூங்கிப்போகிற இடத்தில் என் எழுத்து எழுதியிருந்தது இதுதான்: ‘இவன் தூங்கவில்லை. நாவல் படித்துக்கொண்டிருந்தான். முடிய மூன்று பக்கம் இருந்தது. இதோ வாரேன் என்றான்.’

பேனா ஓடியது, நின்றது. கனியக்கா என்னைப் பார்க்கவில்லை. தாள்களை முதலிலிருந்து அடுக்கினாள்.

“வாசிச்சுக் காட்டுதேன், சரியான்னு சொல்லுங்க.”

வாசித்தாள். பதிவு ஆபீசுக்கு வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் நின்று கேட்டார்கள். எத்தனையோ எழுத்தாளர் வாசித்துக் கேட்டிருக்கிறேன். என்னுடையதை ஒருவர் வாசிக்க நான் உட்கார்ந்து கேட்டது இன்றைக்குத்தான். வெயில் ஏறியது. கருவாட்டுக் கூடை வந்தது, ஊசி எழுத்து வந்தது, வடிவு வந்தாள், மாசானம் வந்து தட்டினான். கடைசி வரியில் நிறுத்திக் கேட்டாள்.

“சரியா?”

“ஒண்ணு தப்பு.”

“என்ன?”

“மூணு பக்கம் இல்ல.”

அந்த எழுத்துகூட எனக்காக நாலு பக்கத்தை ஒளித்து வைத்திருந்தது. நானாகச் சொல்லியிருந்தால் ஒரு பக்கம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

“அடிச்சிட்டு மாத்திப் போடவா, தம்பி?”

“வேண்டாம்க்கா. பென்சிலக் குடுங்க.”

தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். மை காய்ந்த கட்டைவிரலால் பென்சிலைப் பிடித்து, ‘மூன்று பக்கம்’ என்ற இடத்துக்கு நேரே, ஓரத்தில், ‘ஏழு’ என்று எழுதினேன். சுழி மூடவில்லை.